களிமண் மேல் வீடு: மண் இறங்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் மனை வாங்குகிறவர்கள் முதல் வேலையாக லாரி லாரியாக மண் கொட்டி மனையை மேடாக்குகிறார்கள். வெள்ளத்துக்கு அது சரிதான். ஆனால் அடியில் இருக்கும் சதுப்புக் களிமண்ணுக்கு அந்த மண்ணும் ஒரு பாரம் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கீழே இருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் அங்கேதான் போய் முடியும்.

களிமண் மேல் கட்டிய வீடு கட்டி முடித்ததும் இறங்காமல், நாலைந்து வருடம் கழித்து இறங்குவது ஏன்?

களிமண்ணில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். மண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் இடுக்குகள் முழுக்கத் தண்ணீர் நிரம்பியிருக்கும். மேலே எடை வைத்தவுடன் அந்த எடையை முதலில் தாங்குவது தண்ணீர், துகள்கள் இல்லை. தண்ணீர் அமுங்காது, வெளியேறத்தான் வேண்டும். களிமண்ணின் இடுக்குகளோ கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னவை, அதனால் சொட்டுச் சொட்டாகத்தான் வெளியேறும். தயிரைத் துணியில் கட்டி மேலே ஒரு கல்லை வைத்தால் என்ன நடக்குமோ அதுதான் இங்கேயும். தண்ணீர் போகப் போக எடை துகள்களுக்கு மாறும், துகள்கள் நெருங்கும், மண் அடுக்கின் தடிமன் குறையும், மேலே இருக்கும் வீடு இறங்கும். இதைத்தான் கன்சாலிடேஷன் என்கிறோம்.

மொத்த அழுத்தத்தில் தண்ணீர் தாங்குவதைக் கழித்தால் மிஞ்சுவது மட்டுமே மண்ணை அமுக்கும் என்பதைச் சோதனை செய்து, கணக்காகவும் எழுதிக் காட்டியவர் கார்ல் டெர்சாகி என்ற ஆஸ்திரியப் பொறியாளர். 1920களில், இஸ்தான்புல்லில் பேராசிரியராக இருந்தபோது, கையில் கிடைத்த சாமான்களை வைத்துச் சோதனைக் கருவி செய்து கண்டுபிடித்தார். 1925ல் புத்தகமாக வந்தது. இன்றைக்கும் உங்கள் சாயில் ரிப்போர்ட்டில் இருக்கும் கணக்கு அவருடையதுதான்.

மேஸ்திரி தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி, நன்றாகக் கெட்டிப்படுத்திவிட்டார். இன்னும் என்ன இறங்கும்?

ரோலர் கெட்டிப்படுத்துவது நீங்கள் கொட்டிய மண்ணை. அதில் இருக்கும் காற்று வெளியேறும், அவ்வளவுதான். அது நல்ல காரியம், கட்டாயம் செய்ய வேண்டிய காரியம், அதுவும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு மேலே மட்டும் ரோலர் விடாமல் 20, 25 சென்டிமீட்டருக்கு ஒரு அடுக்காகச் செய்ய வேண்டிய காரியம். ஆனால் அதற்குக் கீழே 2 மீட்டரிலோ 3 மீட்டரிலோ இருக்கும் ஈரக் களிமண்ணுக்கு ரோலர் வந்ததே தெரியாது. அங்கே இருப்பது காற்று இல்லை, தண்ணீர். அதை வெளியேற்ற அதிர்வு போதாது. தொடர்ந்த எடையும் காலமும் வேண்டும்.

“ஒரு மழை பார்த்துவிட்டால் மண் உட்கார்ந்துவிடும்” என்கிறார்களே?

பாதி உண்மை. கொட்டிய சவுடு மண்ணோ கிராவலோ தளர்வாக இருந்தால் முதல் மழையில் நனைந்து நன்றாக உட்காரும். அதைப் பார்த்துதான் பெரியவர்கள் இப்படிச் சொல்லிவைத்தார்கள், அந்த அளவில் அவர்கள் சொன்னது சரி. ஏரிக்கரையில் வீடு கட்டாத காலத்துப் பேச்சு அது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடியில் கெட்டி மண் இருக்கிற மனையில் ஒரு மழை போதும். அடியில் சதுப்பு இருந்தால், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் களிமண் தன் வேகத்தில்தான் தண்ணீரை விடும். அங்கே மழைக்கு ஒரு வேலையும் இல்லை, காலத்துக்குத்தான் வேலை.

ஆனால் காத்திருப்பது வீண் என்று நினைக்க வேண்டாம். பீசா கோபுரத்தை 1173ல் ஆரம்பித்தார்கள், சில வருடத்தில் மூன்று நிலைகள் எழுந்ததும் வேலை நின்றது, மறுபடி தொடங்க ஏறத்தாழ நூறு வருடம் ஆனது. அந்த இடைவெளியில் அடியில் இருந்த களிமண் தண்ணீரை விட்டு வலுத்தது. ஒரே மூச்சில் கட்டியிருந்தால் கட்டும்போதே சாய்ந்து விழுந்திருக்கும் என்பதுதான் அதை ஆராய்ந்த பொறியாளர்களின் கணிப்பு.

வெறும் ஒன்றரை மீட்டர் மண்தானே, அதில் என்ன பெரிய எடை?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கெட்டிப்படுத்திய மண் ஒரு கன மீட்டர் சுமார் 1.8 டன். ஒன்றரை மீட்டர் உயரம் கொட்டினால் சதுர மீட்டருக்கு 2.7 டன். தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட சாதாரண கான்கிரீட் வீட்டின் எடையை அதன் பரப்பில் பரப்பிப் பார்த்தால் ஒரு தளத்துக்கு 1 முதல் 1.2 டன், ஆக மொத்தம் 2.4 டன்னுக்குள்தான் வரும். அதாவது கடைக்கால் தோண்டுவதற்கு முன்னாலேயே உங்கள் வீட்டை ஒருமுறை கட்டி முடித்துவிட்டீர்கள்!

இன்னொன்றும் உண்டு. ஒரு தூணின் ஃபுட்டிங், அதாவது தூணுக்கு அடியில் அகலமாகப் போடும் கான்கிரீட் பாதம், சின்னது, அதன் அழுத்தம் கீழே போகப் போகப் பரவிக் குறையும். ஒன்றரை மீட்டர் சதுர ஃபுட்டிங் தனியாக இருந்தால் அதற்கு 3 மீட்டர் கீழே அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்குதான். ஒரு லேஅவுட் முழுக்க மண் கொட்டினால் பரவ இடமே இல்லை. மேலே இருக்கும் 2.7 டன் அப்படியே குறையாமல் 5 மீட்டர், 10 மீட்டர் ஆழத்துக்கும் போய்ச் சேரும்.

சரி, எவ்வளவு இறங்கும்? ஒரு மாதிரிக் கணக்கு: மேலே 2 மீட்டர் கெட்டி மண், அதன் கீழ் 4 மீட்டர் மெத்துக் களிமண், தண்ணீர் மட்டம் தரையோடு. களிமண்ணின் நடுவில் இப்போது துகள்கள் தாங்குவது சதுர மீட்டருக்கு 3 டன். வாய்ட் ரேஷியோ (துகள்களின் கன அளவைப்போல் இடுக்குகளின் கன அளவு எத்தனை மடங்கு என்பது) 1.2, கம்ப்ரஷன் இண்டெக்ஸ் (அழுத்தம் கூடினால் மண் எவ்வளவு அமுங்கும் என்பதைக் காட்டும் எண்) 0.4 என்று வைத்துக்கொண்டால், மண் கொட்டியதால் மட்டும் இறங்குவது சுமார் 20 சென்டிமீட்டர். அது முடிந்த பிறகு வீட்டால் களிமண்ணுக்குக் கூடுவது 2 டன் என்றால் இன்னும் 10 சென்டிமீட்டர். வீட்டைவிட மண்ணுக்குத்தான் இரண்டு மடங்கு இறக்கம், ஏனென்றால் மண்ணின் பாரமும் கொஞ்சம் அதிகம், அதோடு முதலில் வருகிற பாரம் மெத்தான மண்ணை அமுக்குகிறது, பின்னால் வருகிற பாரம் ஏற்கெனவே கொஞ்சம் இறுகிய மண்ணை அமுக்குகிறது. உங்கள் மனைக்கு இந்த எண்கள் பொருந்தாது, சாயில் டெஸ்ட் எண்களைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆனால் மண்ணும் வீடும் எந்த விகிதத்தில் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பது இதில் தெரியும்.

என் யோசனை கேட்டால், இந்த மாதிரி மனையில் வெள்ளத்துக்குப் பயந்து மேடாக்குவதைவிடத் தூண்களை உயர்த்திக் கீழே காலியாக, ஸ்டில்ட்டாக விட்டுவிடலாம். வண்டி நிறுத்தலாம், தண்ணீர் வந்தால் வந்து போகட்டும். கொட்டாத மண்ணுக்கு எடை கிடையாது. தெருவில் எல்லோரும் மேடாக்கும்போது நாம் மட்டும் பள்ளமா என்ற சங்கடம் இருக்கும், அது வேறு விஷயம்.

எத்தனை வருடம் இறங்கிக்கொண்டே இருக்கும்?

தண்ணீர் வெளியேற எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதைப் பொறுத்தது, அதுவும் தூரத்தின் வர்க்கத்தில். தூரம் இரட்டித்தால் காலம் நான்கு மடங்கு. மேலே சொன்ன 4 மீட்டர் களிமண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். களிமண் எவ்வளவு வேகமாகத் தண்ணீரை விட்டு இறங்கும் என்பதைக் காட்டும் கன்சாலிடேஷன் வேக எண் வருடத்துக்கு 1 சதுர மீட்டர் என்றால், மேலும் கீழும் மணல் அடுக்கு இருந்து இரண்டு பக்கமும் தண்ணீர் போக வழி இருக்கும்போது 90 சதவீத இறக்கம் முடிய சுமார் 3.4 வருடம். கீழே மணலுக்குப் பதில் தண்ணீர் புகாத அடுக்கு இருந்தால் அதே களிமண்ணுக்கு 13.6 வருடம். வீட்டுக் கடனின் பாதித் தவணை ஓடிவிடும்.

அதனால்தான் மண்ணைச் சோதிக்கப் போர் (துளை) போடும்போது கையளவு மணல் அடுக்கு வந்தாலும் எந்த ஆழத்தில் வந்தது என்று எழுதச் சொல்லிக் கேட்கிறோம். களிமண்ணுக்கு நடுவில் 5 சென்டிமீட்டர் மணல் பட்டை ஒன்று தொடர்ச்சியாக இருந்தால் காலக் கணக்கே மாறிவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகும் ஒரு மெதுவான இறக்கம் உண்டு. தண்ணீர் அழுத்தம் தீர்ந்த பின்னும் துகள்கள் தங்களுக்குள் நெளிந்து நெருங்கும். சாதாரணக் களிமண்ணில் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். மட்கிய செடிகொடி கலந்த கரிச்சதுப்பு மண்ணில் மட்டும் அதுதான் முக்கியப் பிரச்சினை. இலங்கையில் தெற்கு அதிவேகப் பாதையை அப்படிப்பட்ட மண் மேல் போட்டபோது மண்ணைச் சீராக்குவதற்கே தனியாகப் பெரிய வேலை செய்ய வேண்டியிருந்தது.

சாயில் டெஸ்ட்டில் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

போர் குழிக்குள் மெல்லிய சுவருள்ள எஃகுக் குழாயை அடிக்காமல், அழுத்தி இறக்கிக் களிமண்ணைக் கலையாமல் எடுத்து, இரண்டு முனையிலும் மெழுகு ஊற்றி மூடி லேபுக்கு அனுப்புவார்கள். பள்ளிக்கரணைப் பக்கத்து மண் என்றால் குழாயிலிருந்து தள்ளும்போது கருஞ்சாம்பல் நிறத்தில், சேற்று நாற்றத்தோடு வரும், கட்டைவிரல் அழுத்தினால் உள்ளே போகும். அதிலிருந்து 2 சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு வில்லை வெட்டி உலோக வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழும் தண்ணீர் புகும் நுண்துளைக் கல் வைத்து, தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தி, மேலே எடை ஏற்றுவார்கள். கால் நிமிடம், ஒரு நிமிடம், இரண்டேகால், நான்கு நிமிடம் என்று டயல் கேஜ் முள்ளைப் படித்து எழுத வேண்டும். முள் முதலில் சரசரவென்று நகரும், அப்புறம் நின்றுவிட்டது போலத் தோன்றும், சாயங்காலம் வந்து பார்த்தால் இன்னும் நாலு கோடு தாண்டியிருக்கும். 24 மணி நேரம் கழித்து எடையை இரட்டிப்பார்கள், மறுபடி 24 மணி நேரம். அதனால் ஒரு மாதிரிக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். “நாளைக்கே ரிப்போர்ட் தருகிறேன்” என்று ஒருவர் சொன்னால் இந்தச் சோதனையை அவர் செய்யப் போவதில்லை என்று அர்த்தம்.

சோதனை முறை ஐஎஸ் (இந்தியத் தர விதி) 2720, 15ஆம் பாகத்தில் இருக்கிறது. இந்தச் சோதனையில் கிடைக்கும் இன்னொரு பொன்னான தகவல், இந்த மண் இதற்கு முன் அதிகபட்சம் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கியிருக்கிறது என்பது. களிமண்ணுக்கு நினைவு உண்டு. பழைய அளவைத் தாண்டாத வரை கொஞ்சமாகத்தான் அமுங்கும், தாண்டினால்தான் வேகமாக அமுங்கும். பழைய கட்டடத்தை இடித்த இடத்தில் அதே எடையில் புதிது கட்டினால் பிரச்சினை குறைவாக இருப்பது இதனால்தான்.

எவ்வளவு இறங்கினால் ஆபத்து?

மொத்த இறக்கத்தைவிட, ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இருக்கும் வித்தியாசம்தான் வீட்டை உடைக்கும். ஐஎஸ் 1904 கான்கிரீட் கட்டடத்துக்குத் தனி ஃபுட்டிங் என்றால் மணலிலும் கெட்டிக் களிமண்ணிலும் 50 மில்லிமீட்டர், மெத்துக் களிமண்ணில் 75 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. வீடு முழுக்க ஒரே பலகையாகப் போடும் ராஃப்ட் என்றால் இவை 75, 100. வீடு முழுக்க ஒரே அளவாகப் பத்து சென்டிமீட்டர் இறங்கினால் வாசற்படி, கழிவுநீர்க் குழாய் இணைப்பு, இவைதான் பாதிக்கும். ஒரு மூலை மட்டும் மூன்று சென்டிமீட்டர் அதிகமாக இறங்கினால் சுவர் பேச ஆரம்பித்துவிடும்.

மனையின் ஒரு பாதி பழைய கிணற்றையோ குட்டையையோ மூடிய இடமாக இருந்தால் இதுதான் நடக்கும். அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் பழைய கதை கேட்பது சாயில் டெஸ்ட்டுக்குச் சமமான வேலை, செலவும் இல்லை.

சுவரில் விரிசல் வந்திருக்கிறது, இதனாலா?

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, செங்கல் வரிசையைப் படிப்படியாகப் பிளந்துகொண்டு, ஒரு முனையில் அகலமாகவும் மறு முனையில் மெலிந்தும் போனால் கடைக்காலைச் சந்தேகிக்கலாம். பீமுக்கும் சுவருக்கும் நடுவில் நேராக ஓடும் மயிரிழைக் கோடு பெரும்பாலும் பூச்சு சம்பந்தப்பட்டது, அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு குழப்பம்: கரிசல் மண். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் விரிசல் கோடையில் அகலமாகி மழையில் மூடிக்கொள்ளும், ஏனென்றால் அந்த மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அது வேறு நோய், மருந்தும் வேறு. கன்சாலிடேஷன் விரிசல் ஒரே திசையில்தான் போகும், மூடாது, வருடத்துக்கு வருடம் வேகம் மட்டும் குறையும். வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் விரிசலுக்குக் குறுக்கே இரண்டு ஆணி அடித்து இடைவெளியை மாதம் ஒருமுறை அளந்து தேதியோடு எழுதிவையுங்கள். ஒரு வருடக் குறிப்பு இருந்தால் பொறியாளருக்குப் பாதி வேலை மிச்சம். அதற்கு முன் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள், சாட்சியை அழித்த மாதிரி ஆகிவிடும்.

பக்கத்து மனையில் அடுக்குமாடி வருகிறது. என் வீடு சாயுமா?

சாயலாம். அழுத்தத்துக்குக் காம்பவுண்டுச் சுவர் தெரியாது, கீழே போகப் போகப் பக்கவாட்டிலும் பரவும். உங்கள் வீட்டின் அந்தப் பக்கத்துக்கு அடியில் இருக்கும் களிமண் மட்டும் கூடுதலாக அமுங்கும், வீடு புதுக் கட்டடத்தை நோக்கிச் சாயும். பழைய வீட்டோடு ஒட்டிப் போட்ட போர்ட்டிகோ இணைப்பில் வெடிப்பதும் இதே கதைதான்: பழைய பாகம் இறங்கி முடித்துவிட்டது, புதிய பாகம் இப்போதுதான் ஆரம்பிக்கிறது. இரண்டையும் கம்பி போட்டுப் பிணைக்காமல் நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது நல்லது. பக்கத்தில் வேலை தொடங்கும் முன் உங்கள் வீட்டைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

போர்வெல்லில் தண்ணீர் எடுத்தால்கூட இறங்குமா?

இறங்கும். தண்ணீர் மட்டம் ஒரு மீட்டர் குறைந்தால் துகள்கள் மேல் சதுர மீட்டருக்கு 1 டன் கூடுகிறது, கிட்டத்தட்ட ஒரு மாடி எடை, அதுவும் ஊர் முழுக்க. மெக்சிகோ நகரம் ஏரிக் களிமண் மேல் இருக்கிறது. கீழிருந்து தண்ணீர் உறிஞ்சியதில் 20ஆம் நூற்றாண்டில் சில பகுதிகள் 9 மீட்டருக்கு மேல் இறங்கின. 1910ல் கட்டிய விடுதலைத் தேவதைத் தூண் ஆழமான கடைக்காலில் நின்றதால் இறங்கவில்லை, சுற்றியிருந்த தெரு இறங்கியது, ஏறிப் போக 14 படிகள் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. கெட்டிக் களிமண்ணோ பாறையோ இருக்கும் ஊர்களில் இந்தப் பயம் வேண்டாம்.

பைல் போட்டுவிட்டால் கவலை இல்லைதானே?

பைல் என்பது தரைக்குள் ஆழமாக இறக்கும் தூண், அதன் கால் எதில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. சான் பிரான்சிஸ்கோவில் 58 மாடி மில்லேனியம் டவர் பைல் மேல்தான் நிற்கிறது. அந்த பைல்கள் நெருக்கமான மணல் அடுக்கு வரை போய் நின்றுவிட்டன, அந்த மணலுக்கும் கீழே பழைய களிமண் இருந்தது. கட்டடம் 2009ல் திறக்கப்பட்டது, 2016ல் விஷயம் வெளியே வந்தபோது சுமார் 40 சென்டிமீட்டர் இறங்கிச் சாய்ந்தும் இருந்தது. கடைசியில் பாறை வரை புது பைல்கள் இறக்கி 2023ல் வேலையை முடித்தார்கள்.

மேடாக்கிய மனையில் இன்னொரு வம்பும் உண்டு. பைல் பாறையில் நிற்கும், சுற்றியுள்ள களிமண் புதிதாகக் கொட்டிய மண்ணால் இறங்கும், இறங்கும்போது பைலைப் பிடித்துக் கீழே இழுக்கும். பைலைத் தாங்க வேண்டிய மண் அதற்கே பாரமாகிவிடுகிறது. டிசைன் செய்பவரிடம் எத்தனை மீட்டர் மண் கொட்டினீர்கள், எப்போது கொட்டினீர்கள் என்று மறக்காமல் சொல்லுங்கள்.

இறங்குவதை வேகப்படுத்த முடியாதா?

முடியும். தண்ணீர் போகும் தூரத்தைக் குறைத்தால் போதும். 10 சென்டிமீட்டர் அகலம், சில மில்லிமீட்டர் கனத்தில் பிளாஸ்டிக் வடிகால் பட்டையைக் களிமண்ணுக்குள் செங்குத்தாக, ஒன்றேகால் மீட்டருக்கு ஒன்றாக இறக்கி, மேலே கட்டடத்தின் எடையைவிட அதிகமாக மண் குவித்து வைப்பார்கள். இரண்டு மீட்டர் செங்குத்தாகப் போக வேண்டிய தண்ணீர் அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் பக்கவாட்டில் போனால் போதும், பல வருட வேலை மாதங்களில் முடியும். அப்புறம் உபரி மண்ணை எடுத்துவிட்டுக் கட்டினால், மண் ஏற்கெனவே அந்த எடையைப் பார்த்தாயிற்று.

ஜப்பானின் கன்சாய் விமான நிலையத் தீவில் மேலடுக்குக் களிமண்ணுக்கு மணல் வடிகால் போட்டு இதைத்தான் செய்தார்கள், அந்த அடுக்கு எதிர்பார்த்தபடி சீக்கிரம் இறங்கி முடிந்தது. அதற்கும் கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இருந்த பழைய அடுக்குகளுக்கு வடிகால் போட முடியவில்லை. 1994ல் திறந்த அந்தத் தீவு கட்ட ஆரம்பித்ததிலிருந்து 12 மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறது. முனையக் கட்டடத்தின் தூண்களை ஜாக்கி வைத்துச் சமன் செய்கிறார்கள்.

அரை கிரவுண்டு மனைக்கு வடிகால் பட்டை எந்திரம் வரவழைப்பது கட்டுப்படியாகாது. லேஅவுட் போடும் நிறுவனங்கள் செய்யலாம், செய்ய வேண்டும்.

ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறார்களே, அது தீர்வா?

தெரு உயர்ந்து வீடு பள்ளமானதற்குத் தீர்வு. களிமண்ணுக்கு இல்லை. தூக்கிவிட்டுக் கீழே மண் நிரப்பினால் பாரம் இன்னும் கூடும்.

மனை கடற்கரை மணலில் இருக்கிறது, எனக்கும் இதெல்லாம் உண்டா?

திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி மணல் என்றால் தண்ணீர் உடனே வெளியேறிவிடும், இறக்கம் கட்டும்போதே முடிந்துவிடும். மணலுக்குக் கீழே களிமண் ஒளிந்திருக்கிறதா என்று மட்டும் போர் போட்டுப் பாருங்கள்.

ரிப்போர்ட் வந்துவிட்டது, எதைப் பார்க்க வேண்டும்?

நிறைய ரிப்போர்ட்களில், போர் குழிக்குள் ஒரு குழாயை மண்ணில் இறக்க எத்தனை சுத்தியல் அடி வேண்டியிருந்தது என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து “தாங்குதிறன் சதுர மீட்டருக்கு இத்தனை டன்” என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அது மண் உடையுமா என்ற கேள்விக்குப் பதில். எவ்வளவு இறங்கும் என்பது தனிக் கேள்வி. களிமண் இருந்தால் அதன் தடிமன், கம்ப்ரஷன் இண்டெக்ஸ், வாய்ட் ரேஷியோ, பழைய அதிகபட்ச அழுத்தம், கன்சாலிடேஷன் வேகம் இவை இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால், இறக்கத்தைக் கணக்கிட்ட பக்கத்தைத் திருப்பி, அதில் கொட்டப் போகும் மண்ணின் எடை சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சேரவில்லை என்றால் கணக்கை மறுபடி போடச் சொல்லுங்கள், கூடுதல் பணம் கேட்டாலும் கொடுங்கள்.